பருவத்தை நம்பிய பிழைப்பு: அம்பாறைக் கரையோரச் சுற்றுலாத் தொழிலாளரும் மாறும் காலநிலையும்

காலநிலை மாற்றமும் சுற்றுலாவும் குறித்து இலங்கையில் எழுதப்படுபவை பெரும்பாலும் கடற்கரை, பவளப்பாறை, வனவிலங்கு, ஹோட்டல் முதலீடு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அத்தொழிலில் உடலுழைப்பைத் தருகின்ற மனிதர் அவற்றில் ஒரு தொகையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். 2018ஆம் ஆண்டில் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 388,000 பேர் சுற்றுலாவால் வாழ்ந்தனர் என்ற அரச கணக்கு பல அறிக்கைகளில் எடுத்தாளப்பட்டபோதிலும், அவர்கள் எந்த நேரத்தில், எந்த வெயிலில், எந்த ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்கின்றனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரம் அந்த வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். காலநிலை கெட்டால் பயணிகள் வராமல் போவார்கள், பயணிகள் வராவிட்டால் வேலை போய்விடும் என்ற நேர்கோட்டு விளக்கம் இக்கரைக்குப் பொருந்துவதில்லை. பயணிகள் வந்துகொண்டிருக்கும்போதே தொழிலாளியின் உடலும் வருமானமும் தேய்கின்றன. ஆண்டு முழுவதற்கும் போதுமானதை ஈட்டித் தரவேண்டிய ஆறு மாதப் பருவம் ஒருபுறம் வெப்பத்தாலும் மறுபுறம் வெள்ளத்தாலும் நெருக்கப்படுகின்றது. அந்த நட்டம் எழுத்தில் பதியப்படாத தொழிலாளர் மீது இறங்குவதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்விடயத்தின் உண்மை வடிவம் புலப்படாது.

பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவும் அதையொட்டிய உல்லைக் கிராமமும் உலக அலைச்சறுக்கு வரைபடத்தில் இடம்பெற்று அரை நூற்றாண்டு ஆகின்றது. தென்பெருங்கடலில் எழும் புயல்கள் தள்ளிவிடும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்து இக்குடாவின் முனையில் வளைந்து, கரைக்கு ஓரமாக ஒழுங்காக உடைகின்றன. ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கும் இந்த அலைக்காலமே சுற்றுலாப் பருவமுமாகும். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று இங்கு நடைபெற்றமை, குடாவின் பெயர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைக் காட்டுகின்றது. ஆனால் குடாவில் நடைபெறும் தொழில் குடாவோடு முடிந்துவிடுவதில்லை. வடக்கே அறுபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கல்முனைச் சந்தையிலிருந்து மரக்கறியும் கோழியும் மளிகைப் பொருள்களும் ஏ-4 நெடுஞ்சாலை வழியே தெற்கே போகின்றன. சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களின் நெல் அரிசியாகி ஹோட்டல் சமையலறைகளுக்குச் செல்கின்றது. மருதமுனையின் கைத்தறிச் சாரன்களும் சால்வைகளும் உல்லையின் சிறு கடைகளில் தொங்குகின்றன. வான் சாரதிகள், மின்வேலை தெரிந்தவர்கள், தச்சர்கள், சமையலாளர்கள் எனப் பல ஊர்களின் ஆண்கள் பருவத்தோடு இறங்கிப் பருவத்தோடு திரும்புகின்றனர். வெளிநாட்டுப் பயணியின் கண்ணிற்படாத இந்த ஊர்களைச் சேர்க்காமல் அறுகம் குடாவின் தொழிலாளர் தொகையை மதிப்பிடுவது தவறான முடிவையே தரும்.

இத்தொழிலாளரில் நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் உடையவர்கள் சிறுபான்மையினரே. ஊழியர் சேமலாப நிதி என்பது தொழில் தருநரும் தொழிலாளரும் மாதந்தோறும் செலுத்தும் பங்கில் உருவாகும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஓய்வுகாலச் சேமிப்பாகும். அதில் பெயர் இருப்பதே ஒருவர் சட்டத்தின் முன் ஊழியராகத் தெரிவதற்கான அடிப்படைச் சான்றாக உள்ளது. அறை துப்புரவு செய்பவர், ரொட்டி போடுபவர், அலைச்சறுக்குப் பயிற்றுநர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், களப்பில் தோணி வலித்துக் கண்டல் காட்டைக் காண்பிக்கும் மீனவர், குமண தேசியப் பூங்காவுக்கு ஜீப் வண்டி ஓட்டுபவர் ஆகியோரில் பலர் நாட்கூலிக்கோ பயணத்துக்கு இவ்வளவு என்ற பேச்சுக்கோ வேலை செய்கின்றனர். பல தங்குமிடங்கள் குடும்பச் சொத்துக்களாக இருப்பதால், மருமகனும் மச்சானும் மதினியும் கூலி குறிக்கப்படாமலேயே உழைக்கின்றனர். அத்தகையவரிடம் வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்டால் காட்ட எதுவும் இராது. பின்னர் வரும் நிவாரணம், காப்புறுதி, நட்டஈடு ஆகிய எல்லாவற்றிலும் இந்த வெறுமை தடையாக நிற்கின்றது.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வது பொருத்தமாகும், ஏனெனில் அது பருவத்தின் நடுவிலேயே தாக்குகின்றது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி, வறண்ட காற்றாக மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளிகளை வந்தடைகின்றது. இதனைக் கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பர். வளிமண்டலவியல் நூல்களும் மலை கடந்து இறங்கும் வெப்பக்காற்றுக்கு இலங்கையின் எடுத்துக்காட்டாக இதே பெயரைக் கூறுகின்றன. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் இக்காற்றே அலையின் முகத்தை நிமிர்த்தி, சறுக்குவதற்கு ஏற்றவாறு வழவழப்பாக வைத்திருக்கின்றது. ஆகவே பயணியை இழுத்துவரும் காற்றும் தொழிலாளியை வாட்டும் காற்றும் ஒன்றே. அலை நன்றாக இருக்கும் மாதங்களில் நிழலில்கூட வெப்பநிலை 35 பாகை செல்சியஸை ஒட்டி நிற்பது இக்கரைக்குப் புதிதன்று. உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.55 பாகை உயர்ந்திருந்த 2024ஆம் ஆண்டைப் போன்ற ஆண்டுகள் வழமையாகும்போது, ஏற்கெனவே விளிம்பிலிருக்கும் ஓர் இடத்தில் ஒவ்வொரு அரைப் பாகையும் தனியாக உணரப்படும் என்பதே கவலைக்குரியது.

வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணால் உழைக்கும் உடலின் துன்பத்தை அளந்துவிட முடியாது. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் காட்டும் அளவீடு ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும். வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி அளப்பதால் இப்பெயர் வந்தது. வியர்வை ஆவியாவதே உடலைக் குளிர்விக்கும் வழி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையைத் தொட்டால் நலமுள்ள மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என முன்னர் கருதப்பட்டது. 2022இல் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனை முடிவுகள், ஈரமான சூழலில் இளம் உடல்கள்கூட 31 பாகையை அண்மித்தபோதே தம் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயலாமற் போனதைக் காட்டின. அறுகம் குடாவில் காலையில் தரைக்காற்று வறட்சியைத் தருகின்றது, நண்பகலுக்குப் பின் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருகின்றது. பயணி விடியலில் அலையேறிவிட்டு நடுப்பகலில் நிழலில் படுத்துக்கொள்கின்றார். அவருக்குப் பயிற்சியளித்தவர் அடுத்த மாணவருக்காகக் காத்திருக்கின்றார், அவருக்கு உணவு சமைப்பவர் தகரக் கூரையின்கீழ், கொத்துத் தட்டின் அனலுக்கு முன், நாளின் மிகச் சூடான நேரத்திலேயே நிற்கின்றார். மாலையில் உணவகங்கள் மீண்டும் நிறைந்து நள்ளிரவு வரை நடப்பதால், வேலை நாள் பதினான்கு மணி நேரத்துக்கு நீள்வது வியப்பன்று. இரவில் ஊழியர் உறங்கும் அறைகளில் குளிரூட்டி இருப்பது அரிது. பகலில் ஏறிய சூடு இரவில் இறங்காத உடல் மறுநாள் வேலையைக் களைப்போடே தொடங்குகின்றது.

சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2030 அளவில் வெப்பத்தால் உலகில் இழக்கப்படும் வேலை நேரம் மொத்தத்தில் 2.2 வீதமாக, அதாவது எட்டுக் கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமாக இருக்கும். 2024இல் அதே அமைப்பு, வேலையின்போது மிகை வெப்பத்துக்கு ஆளாகும் தொழிலாளர் தொகை 240 கோடியைத் தாண்டும் எனக் கூறியது. இத்தகைய மதிப்பீடுகள் விவசாயத்தையும் கட்டட வேலையையும் முன்னிறுத்துகின்றன. சுற்றுலா ‘சேவை’ என்ற வகைக்குள் அடங்குவதால் குளிரான அறைக்குள் நடைபெறும் தொழில் போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகின்றது. அத்தோற்றம் பொய் என்பதை 2023 ஜூலையில் ஏதென்ஸ் நகர அக்ரோபோலிஸ் ஊழியர்கள் உலகுக்கு உணர்த்தினர். கடும் வெப்ப அலையில் பயணிகளை வரவேற்று நின்ற அவர்கள், தம் தொழிற்சங்கத்தின் வழியாக நாளின் பிற்பகுதியில் வேலையை நிறுத்தினர், அரசும் நண்பகல் வேளையில் அத்தலத்தை மூடியது. அங்கே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. அம்பாறைக் கரையில் அத்தகைய சங்கமோ நண்பகல் ஓய்வைக் கட்டாயமாக்கும் விதியோ இல்லை. இதில் வேதனை தரும் ஒரு முரணும் உண்டு. இந்த ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற ஆண்கள், கட்டார் 2021இல் விரிவாக்கிய கோடைகால நண்பகல் வேலைத் தடையின்கீழ் ஜூன் முதலாம் திகதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையே திறந்தவெளி வேலையிலிருந்து விடுபட்டவர்கள்; ஐக்கிய அரபு இராச்சியத்திலும் இத்தகைய இடைவேளை உண்டு. அவ்விதிகளின் நடைமுறையில் குறைகள் இருந்தபோதிலும், வெப்பம் ஒரு தொழிற்பாதுகாப்புப் பிரச்சினை என்பதை அவை சட்டத்தில் ஏற்றுக்கொண்டன. பாலைவன நாட்டில் கிடைத்த அந்தப் பாதுகாப்பு சொந்த ஊருக்குத் திரும்பியவுடன் இல்லாமற் போகின்றது.

முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரை இன்னொரு காலக் கணக்கும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. பிறை அடிப்படையிலான ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறுகியதாகையால், ரமழான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் முன்னகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு முழுச்சுற்றை நிறைவுசெய்கின்றது. 2012ஆம் ஆண்டின் நோன்பு ஜூலை இருபதாம் திகதியளவில் தொடங்கி, அலைப்பருவத்தின் உச்சத்தில் வந்தது. 2020களின் நடுப்பகுதியில் அது பெப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு நகர்ந்து, பருவம் தொடங்குமுன்பே முடிவதால் தொழிலாளருக்கு ஓரளவு இளைப்பாறுதல் கிட்டியுள்ளது. 2030களின் இறுதியில் நோன்பு ஒக்டோபரை அடைந்து, 2040களில் செப்டெம்பர், ஓகஸ்ட், ஜூலை எனக் கச்சான் மாதங்களுக்குள் மீண்டும் புகும். உலக வெப்பம் இன்றைய நிலையைவிடக் கூடியிருக்கும் அந்தப் பத்தாண்டில், தண்ணீர் அருந்தாமல் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் வெயிலிலும் அடுப்படியிலும் நிற்கப்போகும் தலைமுறை இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கின்றது. நோயுற்றோருக்கும் பிரயாணிகளுக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது என்பது உண்மை. ஆயினும் வேலை நேரத்தை மாற்றியமைக்கும் கடமை தொழில் தருநருடையதே தவிர, அதனைத் தொழிலாளியின் இறைபக்தியின் தலையில் கட்டிவிடுவது நியாயமாகாது.

பருவம் முடிந்ததும் மறுமுனை தொடங்குகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் டிசெம்பர் முதல் வரும் வடகீழ்ப் பருவமழையும் இக்கரைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருகின்றன. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, தங்குமிடங்கள் மூடப்படுகின்றன. அந்த மாதங்களில் சுற்றுலாத் தொழிலாளி வயலையும் கடலையும் கூலி வேலையையும் நாடுகின்றார். சிலர் தென்மேற்குக் கரையில் அப்போது தொடங்கும் பருவத்தை நம்பி வெலிகம, ஹிக்கடுவ போன்ற இடங்களுக்குச் செல்கின்றனர். ஆகவே ஒரு குடும்பத்தின் வருமானம் கோடையில் பயணியிடமிருந்தும் மாரியில் பெரும்போக வேளாண்மையிலிருந்தும் வருகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதே பழைய நம்பிக்கை; வெள்ளமோ அதனைக் குலைக்கின்றது. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியபோது பத்து இலட்சம் பேரளவில் பாதிக்கப்பட்டனர், அறுவடைக்கு அண்மித்த நெல் அழிந்தது. 2024 நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெங்கல் புயலாக உருவெடுத்த தாழமுக்கத்தின் மழையில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, நிந்தவூர் அரபுக் கல்லூரி ஒன்றிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, பிஞ்சு உயிர்கள் பலியாயின. அந்தத் துயரம் இவ்வூர்களின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. ஓராண்டு கழித்து, 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்து, மலைநாட்டு வீதிகளையும் பாலங்களையும் சிதைத்தது. கொழும்பு, கண்டி, எல்ல, அறுகம் குடா என்ற வழமையான பயணப் பாதையில் ஓர் இணைப்பு அறுந்தால், அடுத்த இணைப்பிலுள்ள சாரதியின் நாட்கூலியும் அறுகின்றது. வெப்பமான காற்று ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஏழு வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. எனவே மழை நாட்களின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் ஒரே நாளில் கொட்டும் மழை கூடுவதே எதிர்பார்க்கப்படுவது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் கடலைச் சேரும் தாழ்நிலத்தில் நெருங்கி அமைந்த கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களுக்கு இதன் பொருள் தெளிவானது. கல்முனையின் கிட்டங்கி வீதி ஆண்டுதோறும் மூழ்குவதை இயற்கையின் வழமையாக ஏற்றுக்கொண்டிருக்கும் நிர்வாகப் போக்கு இனியும் தொடரக்கூடாது.

கடல் மட்ட உயர்வைப் பற்றிப் பேசும்போது கூடுதலான நிதானம் தேவை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரிக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது, உயர்வின் வேகமும் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியுள்ளது. இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இதனால் மக்கள் கடலுக்கு மிக நெருக்கமாகக் கட்டிவாழப் பழகியுள்ளனர், சில அங்குல உயர்வும் அவர்களுக்குப் பெரிதாகின்றது. ஆயினும் அம்பாறைக் கரையில் இதுவரை கண்கூடாக நிகழ்ந்த மிகக் கடுமையான கரையரிப்பைக் காலநிலையின் கணக்கில் எழுதிவிடுவது பிழையாகும். ஒலுவில் துறைமுகத்தின் கட்டுமானம் 2008இல் தொடங்கி, 2013 செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. இக்கரையில் மணல் அலைகளின் தள்ளுதலால் ஆண்டு முழுவதும் கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும், அதன் நிகர நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியதாகும். கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறிக்க, துறைமுக வாயிலில் மணல்மேடு அடைத்தது, மணல் வந்துசேராத வடபகுதியில் கரை தின்னப்பட்டது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்களும் மீனவர் வாடிகளும் கடலுள் போயின, நிந்தவூர் வரை அதன் தாக்கம் சென்றது. துறைமுகமோ வணிகக் கப்பல்களைக் கவரவில்லை. மாலை வேளைகளிலும் பெருநாள் விடுமுறைகளிலும் உள்ளூர்க் குடும்பங்கள் கூடும் கடற்கரையில் சிற்றுண்டி விற்றுப் பிழைத்தவர்கள், தோணியை ஏற்றிவைக்கக் கரை இல்லாமற் போன கரைவலை மீனவர்கள் ஆகியோரின் இழப்புக்குப் பொறுப்பானவை திட்டமிடலும் பொறியியலுமே. எல்லாக் கரையரிப்பையும் காலநிலை மாற்றம் என்று கூறிவிட்டால் பொறுப்புக் கூறவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கின்றனர். அதேவேளை, ஏற்கெனவே பலவீனப்படுத்தப்பட்ட கரையின்மீதுதான் உயரும் கடல் வந்து மோதப்போகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. இரண்டையும் பிரித்து அளக்கும் தொடர்ச்சியான கரை அளவைகள் ஊரவருக்குக் கிடைக்கும்படி வெளியிடப்பட வேண்டும், அதற்குத் தேவையான அறிவுவளம் ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக அமைந்துள்ளது.

உயரும் கடலிலிருந்து பின்வாங்குதல் என்பது காலநிலைத் தகவமைப்பின் வழிகளில் ஒன்றாக இன்று பேசப்படுகின்றது. தகவமைப்பு என்பது நேர்ந்துகொண்டிருக்கும் மாற்றத்துக்கு ஏற்ப வாழ்வையும் தொழிலையும் ஒழுங்கமைத்துக்கொள்வதாகும். பின்வாங்குதல் யாருக்கு என்ற கேள்விக்கு இக்கரை ஏற்கெனவே ஒரு கசப்பான விடையைப் பெற்றுள்ளது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் காரைதீவும் வீதி வீதியாக அழிந்தன. தொடர்ந்து 2005இல் அரசு, தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடம் அமைக்கத் தடைசெய்யப்பட்ட வலயம் என அறிவித்தது. வயலுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கல்முனைப் பகுதியில் 200 மீற்றர் என்பது ஓர் ஊரின் பாதி. அறுகம் குடாவுக்கென வரையப்பட்ட மீள்கட்டுமானத் திட்டம், மீனவரைக் கரையிலிருந்து அகற்றிச் சுற்றுலாவுக்கு இடம் ஒதுக்குவதாக அமைந்தது என்ற கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தடை வலயம் அவ்வாண்டு இறுதியிலேயே தளர்த்தப்பட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகளோ, வீடுகளை இனவிகிதப்படி பகிர்வது குறித்த வழக்கில் சிக்கி, அகதிகளுக்குக் கையளிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் காடேறின. இந்த வரலாற்றை அறிந்த கரையோர மக்களிடம் காலநிலையின் பெயரால் ‘விலகுங்கள்’ என்று கூறும் எந்தத் திட்டமும் ஐயத்தோடே எதிர்கொள்ளப்படும், அந்த ஐயம் நியாயமானது. மணற்குன்றுகளைக் காத்தல் இதைவிடச் செலவு குறைந்த வழியாகும். தெற்கே யாலவில், கடற்காட்சிக்காக முன்னாலிருந்த மணற்குன்றை அகற்றிய ஹோட்டல் ஆழிப்பேரலையில் முற்றாக அழிந்ததும், குன்று குலையாத பகுதிகள் பெருமளவு தப்பியதும் இதற்குப் போதிய சான்று.

பவளப்பாறை வெளிறுதல் அம்பாறையைவிட மட்டக்களப்பின் பாசிக்குடாவுக்கும் திருகோணமலைப் புறாத்தீவுக்கும் பெரிய பிரச்சினையாதலால் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. நன்னீர் அவ்வாறன்று. மணற்பாங்கான இக்கரையில் நிலத்தடி நீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமாகவே உள்ளது. கோடையில் மழை பொய்த்து, தங்குமிடங்கள் மோட்டரால் இறைக்கும்போது கிணறுகள் உவர்க்கின்றன. பயணிக்கு நாளில் இருமுறை குளிக்க நீர் கிடைக்க, அவரது விரிப்புகளை வெளுத்துக்கொடுக்கும் பெண் குடிநீர்த் தாங்கி வண்டிக்காகக் காத்திருக்க நேர்வதும் உண்டு. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட குமணவின் வில்லுக்குளம் வறண்டால் பறவைகள் குறையும், பறவைகள் குறைந்தால் ஜீப் சாரதிகளின் ஓட்டமும் குறையும்.

இவ்விடயத்தில் பெண்களின் உழைப்பு தனியே கவனிக்கப்பட வேண்டியது. முஸ்லிம் ஊர்களின் பெண்கள் ஹோட்டலின் முன்மேசையில் அரிதாகவே காணப்படுகின்றனர். ஆனால் இடியப்பமும் அப்பமும் பலகாரமும் அவர்களது அடுப்பிலிருந்தே விடியற்காலையில் போகின்றன, துணி வெளுத்தல், தையல், வீட்டோடு இணைந்த அறையை வாடகைக்கு விட்டுப் பராமரித்தல், மருதமுனையில் நூல் சுற்றலும் நெசவும் அவர்களது கைகளாலேயே நடைபெறுகின்றன. சாயமிட்ட நூல் உலர வெயில் வேண்டும். காலந்தவறிப் பெய்யும் மழை அந்த வேலையை நிறுத்துகின்றது. வெள்ளத்துக்குப் பின் டெங்கு பரவினால் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பே. வேலை வீட்டுக்குள் நடைபெறுவதால் அது வேலையாகவே எண்ணப்படுவதில்லை, பேரிடர்க்குப் பின் சேத மதிப்பீட்டுக்கு வரும் அலுவலர் சுவரையும் கூரையையும் எழுதிக்கொள்கின்றாரே தவிர, நனைந்துபோன மாவையும் நூலையும் எழுதிக்கொள்வதில்லை.

காலநிலையின் அடி வெறும் நிலத்தில் விழவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 2018இல் 23 இலட்சத்தைக் கடந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளாலும் பின்னர் கொரோனாத் தொற்றாலும் சரிந்து, 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது; 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது; 2024இல் வருகை 20 இலட்சத்தைத் தாண்டி மீண்டபோது, அவ்வாண்டு ஒக்டோபரில் அறுகம் குடாவைக் குறித்து விடுக்கப்பட்ட பாதுகாப்பு எச்சரிக்கை பருவத்தின் கடைசி வாரங்களை வெறிச்சோட வைத்தது. ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும் நகை அடகுக்குப் போயிற்று, வண்டியின் தவணை தவறியது. சேமிப்பு கரைந்த குடும்பத்துக்கு ஒரு வார வெள்ளமே ஓராண்டுக் கடனாக மாறுகின்றது. ஆகவே ‘மீண்டெழும் ஆற்றல்’ என்று அறிக்கைகள் புகழ்வது பலவேளைகளில் கடன் வாங்கும் ஆற்றலையே குறிக்கின்றது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். உலகப் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் சுற்றுலாவின் பங்கு 2019இல் 8.8 வீதம் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் கணிசமான பகுதி விமானப் பயணத்தாலும் செல்வம் மிக்க நாடுகளின் பயணிகளாலும் நேர்வது. இலங்கையர் ஒருவரின் ஆண்டுச் சராசரிக் கரியமில வாயு வெளியீடு ஒரு டன்னை ஒட்டியதே. ஐரோப்பாவிலிருந்து வந்து திரும்பும் ஒரு பயணம் அதனை விஞ்சிவிடும். 2021இல் கிளாஸ்கோவில் வெளியிடப்பட்ட சுற்றுலாக் காலநிலைப் பிரகடனம் வெளியீட்டைக் குறைப்பதைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. இலங்கையின் 2016–2025 காலத்துக்கான தேசியத் தகவமைப்புத் திட்டம் சுற்றுலாவை ஒரு துறையாகச் சேர்த்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அதன் நாட்டம் சுற்றுலாத் தலங்களின் பாதுகாப்பில் இருந்த அளவுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பில் இருக்கவில்லை.

செய்யக்கூடியவற்றுக்கு அயலிலேயே முன்மாதிரி உள்ளது. குஜராத்தில் சுயதொழில் பெண்கள் சங்கம் என்ற சேவா அமைப்பு 2023இல் தன் உறுப்பினருக்கு வெப்பக் காப்புறுதி ஒன்றைத் தொடங்கியது. வெப்பநிலை முன்னரே குறித்த எல்லையைத் தொடர்ந்து தாண்டினால், சேதத்தை நிரூபிக்க வேண்டிய தேவையின்றி, பணம் நேரே அவர்களது கணக்கில் சேரும். இது குறியீட்டுக் காப்புறுதி எனப்படும். 2024இல் அத்திட்டத்தில் ஏறத்தாழ 50,000 பெண்கள் இருந்தனர், அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கொடுப்பனவு கிடைத்தது. தொகை சிறிதாயினும், வேலைச் சான்று இல்லாதவருக்கும் இழப்பீடு சேரும் வழி இதுவேயாதலால் அம்பாறைக்கு மிகப் பொருந்துகின்றது. வட்டியையும் நிச்சயமின்மையையும் காரணம் காட்டி வழமையான காப்புறுதியை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் ஊர்களில், பங்காளர் ஒருவருக்கொருவர் நன்கொடையாக நிதி சேர்த்து இடர் வந்தவருக்கு வழங்கும் தகாபுல் முறையில் இதனை அமைக்கலாம். கட்டாயத் தர்மமான ஸகாத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வறியவரும் கடனாளிகளும் அடங்குவதால், வறியவரின் பங்குத்தொகையைப் பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியங்கள் ஏற்பது பற்றி உலமாக்களுடன் கலந்தாலோசிக்க இடமுண்டு. தமிழ், சிங்களத் தொழிலாளரும் இதே பருவத்தில் இதே கரையில் உழைப்பதால், அவர்களையும் உள்ளடக்கும் வகையிலேயே விதிகள் எழுதப்பட வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை நிலையம் பொத்துவிலில் உள்ளமையால், குறியீட்டுக்குத் தேவையான தரவு தொலைவிலிருந்து கடன்வாங்கப்பட வேண்டியதில்லை. கோடைக்கு வெப்பத்தையும் ஈரப்பதனையும், மாரிக்கு ஒருநாள் மழைவீழ்ச்சியையும் எல்லையாகக் கொண்டால் ஆண்டின் இரு பாதிகளையும் ஒரே திட்டம் தாங்கும். அதற்கு முதற்படியாக, பருவம் தொடங்குமுன் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் சேர்ந்து, தங்குமிடங்களில் உழைப்போர் முதல் கல்முனையிலும் மருதமுனையிலும் வீட்டிலிருந்தே பண்டம் அனுப்பும் பெண்கள் வரை அனைவரது பெயரையும் தொழிலையும் பதியும் ஓர் ஏட்டைத் திறக்க வேண்டும்.